சக்கரவர்த்தியின் பேரில் ஒரு மாதிரி

உலகத்தில் எத்தனையோ சாம்ராஜ்யங்கள் எழுந்தன, விழுந்தன. ஏன் விழுந்தன என்று சரித்திரப் பேராசிரியர்கள் இன்னமும் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள். பன்றி இனவிருத்தி நிலையத்தின் கண்காணிப்பாளரை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், ஒரே வரியில் முடித்திருப்பார்: ஆணைச் சந்தேகப்பட ஆரம்பித்த நாட்டில் வேறென்ன நடக்கும்?

இப்பேர்ப்பட்ட தெளிவு எல்லோருக்கும் வாய்க்காது. அவருக்கு வாய்த்திருந்தது. நிலையத்தில் அவருக்கு ‘வம்சாவளி’ என்று பெயர். எந்த ஆண் பன்றியைக் காட்டிக் கேட்டாலும் அதன் அப்பா, தாத்தா, முப்பாட்டன் வரைக்கும் மூச்சு விடாமல் சொல்லுவார். அம்மா யார் என்று கேட்டால் மட்டும் கொஞ்சம் யோசிப்பார். “அது ஏதோ ஒண்ணு” என்பார்.

அந்த நிலையத்தின் வேலை எளிமையானது, புனிதமானது. உயர்ந்த சாதி ஆண் பன்றிகளை வளர்ப்பது, அவற்றின் விந்தைச் சேகரிப்பது, அதை லேப்பில் சோதித்துக் குழாய்களில் அடைத்துப் பண்ணைகளுக்கு அனுப்புவது. பண்ணைக்காரர்கள் அதைத் தங்கள் தாய்ப்பன்றிகளுக்குச் செலுத்துவார்கள். பிறகு குட்டிகளை எண்ணுவார்கள். எல்லாத் தகராறும் அந்த எண்ணும் இடத்தில்தான் ஆரம்பிக்கும். எண்ணத் தெரியாத ஜனங்களாக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

நிலையத்தின் பெருமை, சக்கரவர்த்தி. ஒரு சின்னக் கார் அளவுக்கு இருக்கும். நடந்தால் கொட்டகையே ஒதுங்கி வழி விடுவதுபோலத் தோன்றும். இயக்குநர் தாமே நேரில் போய்த் தேர்ந்தெடுத்துக்கொண்டு வந்தது. இயக்குநரின் அறையில் அவருடைய படத்துக்குப் பக்கத்தில் அதன் படமும் மாட்டியிருந்தது, கொஞ்சம் பெரிய சட்டத்தில். புதிதாக வருகிறவர்கள் பதற்றத்தில் அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள்.

ஒரே ஒரு சின்ன விஷயம். மற்ற ஆண் பன்றிகளின் வித்துக்குப் பதினொன்று, பன்னிரண்டு என்று ஈன்ற தாய்ப்பன்றிகள், சக்கரவர்த்தியின் வித்துக்கு நான்கோ ஐந்தோ போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டன.

புகார்கள் வந்தன. உடனே ‘ஈற்றுக் குறைவு ஆய்வுக் குழு’ ஒன்று அமைக்கப்பட்டது. தலைவர் வேறு யார், வம்சாவளிதான். ஒரு பண்ணைக்காரம்மாவை எதிரில் உட்காரவைத்து விசாரித்தார்.

“போன வருசம் வேற கிடாவுக்குப் பன்னெண்டு போட்டுச்சுங்க. உங்க சக்கரவர்த்திக்கு நாலு. அதே பன்னி, அதே தீவனம்.”

“நீங்க பன்றிகிட்ட அன்பாப் பேசறதுண்டா?”

“என்னாது?”

“அன்பா. காலையில எழுந்ததும்.”

“நான் எம் புருசன்கிட்டயே பேசறதில்லீங்க.”

“அதான்” என்று சொல்லிக் குறித்துக்கொண்டார்.

அறிக்கை அபாரமாக இருந்தது. தாய்ப்பன்றிகளின் ‘மனநிலை’ சரியில்லை என்றும், அவை சக்கரவர்த்தியின் தகுதிக்கேற்ற ‘ஒத்துழைப்பை’ நல்கவில்லை என்றும், ஆண் பன்றியைச் சந்தேகிக்கும் பேச்சே எழக் கூடாது என்றும் முடித்திருந்தார். இயக்குநர் படித்துவிட்டு, “யோவ், கண்ணுல தண்ணி வருதுய்யா” என்றார்.

இவ்வளவு உறுதி அவருக்கு எங்கிருந்து வந்தது என்று ஆச்சரியப்படலாம். வீட்டிலிருந்துதான் வந்தது.

வம்சாவளிக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். மனைவி ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். கற்றுக்கொள்கிறவர்கள் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார்கள், இவள் பக்கத்தில் உட்கார்ந்து தன் பக்கத்துப் பிரேக்கின் மேல் காலை வைத்திருப்பாள். வீட்டிலும் அப்படித்தான், பேச்சு கம்மி, பிரேக் சரியான நேரத்தில் விழும். குழந்தை இல்லை. அவள் ஆஸ்பத்திரிக்குப் போய் எடுக்கவேண்டிய டெஸ்டெல்லாம் எடுத்துவிட்டாள். குறை எதுவும் இல்லை, அடுத்த தடவை வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“எதுக்கு? எங்கப்பாவுக்கு ஒன்பது பிள்ளைங்க” என்றார் வம்சாவளி.

“உங்கப்பாவையா டாக்டர் கூப்பிட்டாரு?”

“நம்ம ஆபீஸ்ல ஆணைச் சந்தேகப்படற வழக்கமே கிடையாது, தெரியுமா?”

“அது பன்னிங்களுக்கு.”

“கொள்கைன்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

அவளுடைய மாமியாருக்கு இதில் தனியாக ஒரு கண்டுபிடிப்பு இருந்தது. மருமகள் நாள் முழுக்கக் காரில் உட்கார்ந்து குலுங்குவதால் வயிறு ‘நிலைகொள்ளாமல்’ போய்விட்டது என்பது அது. இதைக் காய்கறிக்காரனிடமும் சொல்லியிருந்தாள், காஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவனிடமும் சொல்லியிருந்தாள். தெருவில் யாருக்கும் தெரியாமல் இல்லை. தெரியாதவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்கிற மாதிரி ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பேசுவாள்.

ஒரு நாள் பிரேக் விழுந்தது. “இந்த மாசக் கடைசிக்குள்ள நீங்க ஆஸ்பத்திரிக்கு வரலேன்னா, டாக்டர் சொன்னதை அத்தைகிட்ட நானே சொல்லிடுவேன்” என்றாள் மனைவி.

வம்சாவளிக்கு ராத்தூக்கம் போயிற்று. ஆஸ்பத்திரியிலோ மைக்கில் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். வரிசையில் பாதிப் பேர் தெரிந்தவர்களாக இருப்பார்கள். அந்தச் சோதனை அறைக் கதவுக்கு வெளியே அவரும், அந்த மைக்கும். நினைக்கவே வியர்த்தது.

அப்போதுதான் அந்த மகத்தான யோசனை உதித்தது. வேறு எவருக்கும் உதித்திருக்காது. ஊரிலேயே சிறந்த விந்துச் சோதனைச்சாலையை வைத்துக்கொண்டு எதற்கு ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டும்?

நிலையத்து நடைமுறை என்னவென்றால், காலையில் சேகரிப்பு அறையிலிருந்து ஒவ்வொரு பன்றியின் மாதிரியும் சிறிய குழாயில், பன்றியின் பெயர் ஒட்டப்பட்டு, ஒரு சின்ன ஜன்னல் வழியாக லேப்புக்குள் போகும். உள்ளே, புதிதாக வந்திருந்த லேப் அம்மா. மைக்ராஸ்கோப்பில் பார்ப்பாள், பார்த்ததை எழுதுவாள். யார் கொண்டு வந்தது என்று நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டாள். பெயர் ஒட்டாத குழாயைத் தொட்டியில் ஊற்றிவிடுவாள்.

மறுநாள் காலை வம்சாவளி மற்றவர்களுக்கு முன்னால் வந்து, தம் அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டார். உள்ளே நடந்ததை யாரும் பார்க்கவில்லை. ஜன்னல் கண்ணாடி அப்படி, உள்ளே எதுவும் தெரியாது. வெளியே வந்தபோது கையில் ஒரு குழாய் இருந்தது. இனிப் பெயர் ஒட்ட வேண்டும்.

ஏதாவது ஒரு சாதாரணப் பன்றியின் பெயரை ஒட்டியிருந்தால் விஷயம் அத்தோடு போயிருக்கும். கொட்டகைக் கடைசியில் ‘நொண்டி’ என்று ஒன்று இருந்தது. ‘சொறியன்’ என்று ஒன்று இருந்தது. இரண்டு பெயர்ச் சீட்டையும் கையில் எடுத்துப் பார்த்தார். ஒன்பது பிள்ளை பெற்றவருடைய மகன், சொறியன் பெயரிலா? மனசு ஒப்பவில்லை. ‘சக்கரவர்த்தி’ சீட்டை எடுத்து ஒட்டி, நாலு விரலால் தடவிவிட்டு, ஜன்னலில் வைத்துவிட்டு வந்தார். அன்று சக்கரவர்த்திக்கு ஓய்வு நாள் என்பது அவருக்குத் தெரியும். ஒரு குழாய் கூடுதலாக இருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்?

மத்தியானம் அவசரக் கூட்டம் என்று ஆள் வந்து கூப்பிட்டான்.

அறையில் இயக்குநர், தீவன அதிகாரி, கணக்கர், லேப் அம்மா. வம்சாவளி போய் உட்கார்ந்ததும் லேப் அம்மா எழுந்தாள்.

“சக்கரவர்த்தியோட இன்னிக்கு மாதிரியைப் பார்த்தேன் சார். ரொம்ப மோசம்.”

“காலங்காத்தால என்னம்மா குண்டைத் தூக்கிப் போடறீங்க?” என்றார் இயக்குநர். மணி இரண்டு.

“எண்ணிக்கை, இருக்க வேண்டியதுல கால்வாசிகூட இல்ல. தலை எல்லாம் சின்னச் சின்னதா, பேரிக்காய் மாதிரி இருக்கு. ஒண்ணு ரெண்டு அப்படி இருந்தா உடம்பு சூடுன்னு விட்டுடலாம். அத்தனையும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கு. அதனால இது தற்செயல் இல்ல சார். பரம்பரைக் கோளாறு. அப்பன்கிட்டேருந்து வந்திருக்கணும்.”

“பார்க்க என்னமோ கம்பீரமாத்தான் இருந்தான்” என்றார் தீவன அதிகாரி.

“வெளித்தோற்றம்தான் சார்” என்றார் கணக்கர். “உள்ள சரக்கு இல்ல.”

வம்சாவளி மீசையைத் தொட்டுக்கொண்டார்.

“தின்ன தீனி எல்லாம் தண்டம்” என்றார் தீவன அதிகாரி.

“இவனோட அப்பனைத்தான் முதல்ல நிக்கவச்சுக் கேக்கணும்.”

வம்சாவளி மேஜையில் ஓங்கி ஓர் அறை அறைந்தார். “அப்பாவை இழுக்காதீங்க! ஒன்பது பிள்ளை பெத்தவர் சார் அவர்!”

“யாரு?” என்றார் இயக்குநர்.

“சக்... சக்கரவர்த்தியோட அப்பா சார்.”

“ஆயுசுக்கே ஒன்பதா?” என்றாள் லேப் அம்மா. “பன்னிக்கு அது ஒரு ஈத்துக்கே கம்மியாச்சே.”

வம்சாவளி எழுந்து நின்றார். “ஒரே ஒரு சோதனையை வச்சு ஒரு ஆண் பிறவியோட எதிர்காலத்தையே முடிக்கறீங்களே. அவனுக்கு இன்னிக்கு என்ன கவலையோ. ராத்திரி தூங்கியிருக்க மாட்டான். அவசர அவசரமா, யாராவது வந்துடுவாங்களோன்னு பயந்துக்கிட்டே...” நிஜமாகவே அழுதுவிட்டார்.

இயக்குநர் எழுந்து வந்து தோளைத் தட்டினார். “பாருங்கய்யா, ஒரு பன்றிக்காக ஒரு மனுஷன் கண்ணீர் விடறான். இவனல்லவோ ஊழியன்!” பிறகு ஆணையிட்டார்: நாளைக் காலை எல்லோர் முன்னிலையிலும் சக்கரவர்த்தியிடம் மறு மாதிரி எடுக்க வேண்டும்.

எடுத்தார்கள். மைக்ராஸ்கோப்பில் இயக்குநரே குனிந்து பார்த்தார். கோடி கோடியாக, திருவிழாக் கூட்டம் மாதிரி அலைமோதிக்கொண்டு நீந்தின. அறையில் கைதட்டல். லேப் அம்மாவுக்கு ‘பார்வைக் கோளாறு’ காரணமாக ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று மெமோ.

அவள் மெமோவை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு சொன்னாள்: “என் கண்ணு நல்லாத்தான் இருக்கு சார். நேத்து வந்ததும் இன்னிக்கு வந்ததும் ஒரே பன்னியோடது இல்ல. ரெண்டையும் அனுப்புங்க, கூடவே சக்கரவர்த்தியோட ரத்தத்தையும் அனுப்புங்க. தலைமை ஆராய்ச்சிக்கூடம் சொல்லட்டும்.”

இயக்குநர் யோசித்தார். தலைமை ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஒரு சான்றிதழ் வந்தால் படத்துக்குக் கீழே மாட்டலாம். “அனுப்புங்க” என்றார்.

வம்சாவளிக்கு இப்போது கணக்கு தெளிவாகிவிட்டது. சக்கரவர்த்தியுடையது நீந்துகிறது. அப்படியானால் எண்ணிக்கையில் கால்வாசி, பேரிக்காய்த் தலை, பரம்பரைக் கோளாறு என்பதெல்லாம்? நிலையத்தில் குறையுள்ள ஆண் ஒன்றே ஒன்றுதான். அதற்கு மாதச் சம்பளமும் உண்டு.

அந்தத் துயரத்தை அவர் எப்படித் தாங்கினார் என்பதுதான் இந்த வரலாற்றின் பொன்னான பகுதி. வாய் திறக்காமல் தாங்கினார்.

மாதக் கடைசியில் அவருடைய அக்கா வந்திருந்தாள். சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்ததும் மாமியார் ஆரம்பித்தாள். “எங்க வம்சத்துல இப்படி ஒரு குறையே கிடையாது. எங்கேருந்தோ வந்து சேர்ந்திருக்கு.”

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். “அத்தை, டாக்டர் எனக்கு ஒண்ணும் இல்லேன்னுட்டார். இவரைத்தான் வரச் சொன்னார். ரெண்டு மாசமாக் கூப்பிடறேன்.”

“டாக்டருக்கு என்ன தெரியும்? அவன் என்ன எங்க வம்சமா?” மாமியார் மகன் பக்கம் திரும்பினாள். “என்னடா, நீயே சொல்லு. உங்கிட்ட குறை இருக்கா?”

மூன்று பெண்களும் அவரையே பார்த்தார்கள். வம்சாவளி தட்டைப் பார்த்தார். நேர்மையான மனிதர், பொய் சொல்லிப் பழக்கமில்லை. அதனால் அந்தக் கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை. வேறொன்று சொன்னார்.

“கார் ஓட்டறதைக் கொஞ்ச நாள் நிறுத்தித்தான் பார்க்கலாமே.”

மனைவி எழுந்துபோய்க் கைகழுவிவிட்டு வந்து, டிரைவிங் ஸ்கூல் கார்ச் சாவியைக் கொண்டுவந்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். “சரி. நீங்களே சொல்லிட்டீங்க. நிறுத்திப் பார்க்கலாம்.”

“இப்பத்தான் வீடு வீடா இருக்கு” என்றாள் அக்கா.

அதற்கப்புறம் மனைவி வீட்டில் இருந்தாள். மாமியார் கொடுத்த கஷாயங்களைக் குடித்தாள். ஒன்று கசந்தது, ஒன்று எரிந்தது, ஒன்று எதற்கென்று மாமியாருக்கே ஞாபகமில்லை. வம்சாவளி சாயங்காலம் வந்து, “குடிச்சியா?” என்று பரிவோடு கேட்பார். இப்படிக் கேட்கிற புருஷன் எத்தனை பேருக்குக் கிடைப்பான்?

ஒரு நாள் லேப் அம்மா வீடு தேடி வந்தாள். அவளும் அந்த டிரைவிங் ஸ்கூலில்தான் கற்றுக்கொண்டிருந்தாள்.

“ஏங்க திடீர்னு நிறுத்திட்டீங்க? புதுசா வந்தவன் கத்தறான். நீங்கன்னா சத்தமில்லாம பிரேக்கைப் போட்டுடுவீங்க.”

“எனக்கு நானே பிரேக் போட்டுக்கிட்டேன்” என்றாள் மனைவி.

“உங்க வீட்டுக்காரர் ரொம்ப இளகின மனசுங்க. அந்தப் பன்னிக்குக் குறைன்னு சொன்னதும் மீட்டிங்ல தேம்பித் தேம்பி அழுதார்.”

“பன்னிக்கா?”

“பன்னிக்குத்தான்.”

மனைவி காபி மட்டும் கொடுத்தாள்.

ஆராய்ச்சிக்கூடத்தின் பதில் வந்த அன்று இயக்குநர் படச் சட்டம் போடுகிறவனைக்கூட வரச் சொல்லியிருந்தார். கூட்டத்தில் லேப் அம்மாவையே படிக்கச் சொன்னார், அவளுக்கு அது தண்டனையாக இருக்கட்டும் என்று.

அவள் படித்தாள். சக்கரவர்த்தியின் விந்து பார்வைக்கு நன்றாகவே இருக்கிறது, நன்றாகவே நீந்துகிறது. ஆனால் ரத்தத்தில் இரண்டு குரோமோசோம்கள் ஒடிந்து, ஒன்றின் துண்டு மற்றொன்றில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெளியில் எதுவும் தெரியாது. தாயின் வயிற்றில் உண்டாகும் கருக்களில் பாதி கரைந்துபோகும், அதனால்தான் ஈற்றுக்கு நான்கு. இது பரம்பரையாக வருவது. பிழைத்துப் பிறக்கும் குட்டிகளிலும் சரிபாதிக்கு இதே கோளாறு இருக்கும். தாய்ப்பன்றிகளிடம் குறை ஏதும் இல்லை.

தீவன அதிகாரி கூரையைப் பார்த்தார். சக்கரவர்த்தியின் வாரிசுகளை நாட்டிலுள்ள எல்லா நிலையங்களுக்கும் இயக்குநர் தம் கையாலேயே அனுப்பிவைத்திருந்தார்.

பெரிய மனிதர்கள் சோதனையில்தான் ஒளிவிடுவார்கள். இயக்குநர் ஒரு நிமிஷம் கண்ணை மூடித் திறந்தார். “குறைன்னு எழுதாதீங்க. ‘சிறு ஈற்று, சீர் ஈற்று’ திட்டம்னு எழுதுங்க. குட்டி குறைஞ்சா தாய்க்கு அலுப்பு குறையும். நாலு வருஷமா நாம இதைச் சத்தமில்லாம நடத்திக்கிட்டு வர்றோம்.”

கணக்கர் எழுதிக்கொண்டார்.

“இன்னொரு மாதிரியைப் பத்தியும் எழுதியிருக்காங்க சார்” என்றாள் லேப் அம்மா. “‘முதல் மாதிரி பன்றியுடையது அல்ல. மனிதனுடையது.’”

நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. தீவன அதிகாரி, “சே, என்ன அசிங்கம்!” என்றார். கணக்கர் தமக்கு இரண்டு மாதமாக முதுகுவலி என்றார். இயக்குநர், “எவன்னு தெரிஞ்சா தோலை உரிச்சுடுவேன்” என்றார். வம்சாவளி தம் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“‘பன்றியின் அளவுகோலில் பார்த்ததால்தான் குறையாகத் தெரிந்திருக்கிறது. மனிதன் என்ற அளவில் எண்ணிக்கை, வடிவம் இரண்டும் வெகு சிறப்பு. அனுப்பியவர் அடுத்த முறை தயவுசெய்து ஆஸ்பத்திரிக்குப் போகவும்’னு முடிச்சிருக்காங்க. யாரோடது சார் இது?”

இந்தத் தடவை யாரும் இல்லை என்று சொல்லவில்லை. தீவன அதிகாரி புன்னகைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். கணக்கர் மிச்சமிருந்த தலைமுடியை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார், முதுகுவலி போய்விட்டது. அடுத்த வருஷம் ஓய்வு பெறப்போகும் இயக்குநர் லேசாகக் கனைத்து, “வேலை மும்முரத்துல, ஒரு கைமறதியா... அதெல்லாம் எதுக்கு இப்ப” என்றார். லேப் அம்மா மூவரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

வம்சாவளிக்கு ‘என்னுது! என்னுது!’ என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினால் நான்காவது ஆளாகத்தான் நிற்க வேண்டும். அந்தக் கடிதத்தை ஒரு பிரதி எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அரை நாள் லீவு போட்டுவிட்டு, வீட்டுக்கு ஓடினார். ஓட்டம் என்றால் நிஜ ஓட்டம். தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது.

“எனக்கு ஒண்ணுமில்ல! பாரு, தலைமை ஆராய்ச்சிக்கூடமே எழுதியிருக்கு! ‘வெகு சிறப்பு’!”

“நான் சொல்லல?” என்றாள் அவருடைய அம்மா உள்ளே இருந்தபடியே.

லேப்பில் குழாய் வைத்த கதை, சீட்டு ஒட்டிய கதை, மூன்று பேர் சொந்தம் கொண்டாடிய கதை எல்லாவற்றையும் மூச்சிரைக்கச் சொல்லி முடித்தார். மனைவி கஷாய டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் காகிதத்தை வாங்கி நிதானமாகப் படித்தாள்.

“இதுல சக்கரவர்த்தியோடதும் நல்லா நீந்துதுன்னுதான் போட்டிருக்கு.”

“அது பன்னி. அதை விடு.”

“சரி, விட்டுட்டேன். இந்தக் குழாயை எப்ப வச்சீங்க? உங்க அக்கா வர்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“முன்னாடிதான். ஏன்?”

“அப்ப, எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோமே, அத்தை உங்களைக் கேட்டாங்களே, அந்த நேரத்துல குறை உங்ககிட்டதான்னு நீங்க நம்பிக்கிட்டு இருந்தீங்க.”

“பன்னி அளவுகோல்ல பார்த்தப்ப அப்படித்தான்...”

“நம்பிக்கிட்டுதான் என்னை வண்டி ஓட்டாதேன்னீங்க. நம்பிக்கிட்டுதான் தினம் வந்து குடிச்சியா குடிச்சியான்னு கேட்டீங்க.”

“அதான் இப்ப எல்லாம் சரியாப் போச்சே. ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்லேன்னு ஆயிடுச்சே! தலைமை ஆராய்ச்சிக்கூடம்மா அது, தப்பே பண்ண மாட்டாங்க.”

அவள் எழுந்து, ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த கார்ச் சாவியை எடுத்துக்கொண்டாள். காகிதத்தை மடித்து அவர் சட்டைப்பையிலேயே திரும்ப வைத்தாள்.

“எண்ணிக்கை சரியா இருக்கும், வடிவம் சரியா இருக்கும். எல்லாத்துக்கும் மேல ‘மனிதனுடையது’ன்னு எழுதியிருக்காங்க பாருங்க” என்றாள் செருப்பை மாட்டிக்கொண்டே. “அதை மட்டும் இன்னொரு தடவை டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க.”